முப்பத்தோராம் கல்லின் நிறம்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கல்லக்காதான். புதிதாக வந்த இயக்குநர் முதல் வாரம் 'மேடம்' என்று ஆரம்பித்தார். இரண்டாம் வாரம் அவரும் 'கல்லம்மா எங்கே?' என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

அது நிலவியல் அலுவலகம். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை. மேலே அறைகளில் என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் தபால் பிரிவில் இருந்தேன். எனக்கும் கல்லக்காவுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும். அவர் தும்மினால் என் மேசையில் முத்திரை மை ஆடும். அதனால் நடந்தது எல்லாவற்றுக்கும் நான் சாட்சி, கண்ணால் பாதி, காதால் பாதி.

அக்கா முதலில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டர்களை எல்லாம் கிடங்குக்கு அனுப்பினார்கள். ஆளை என்ன செய்வது என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு அவரையும் கிடங்குக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே நான்கு பீரோ நிறையக் கற்கள். மூன்றுக்குச் சாவி இல்லை. நான்காவதில் இரும்பு கலந்த கற்கள் நாற்பத்து மூன்று. அவற்றுக்கு அக்கா பொறுப்பு.

இரும்பு என்றால் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஜவுளிக்கடை மாதிரி இருந்தது. செங்காவி ஒன்று, மஞ்சள் காவி ஒன்று, நாய்க்குட்டிப் பழுப்பில் ஒன்று, தங்கம் போல மின்னுகிற ஒன்று, கண்ணாடிப் புட்டியில் அடைத்த பச்சை உப்பு ஒன்று. "இதெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரியா இருக்கு?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் இரும்புதான் என்று பதிவேடு சொன்னது.

அந்தப் பதிவேடு தடித்த அட்டை போட்டது. வரிசை எண், பெயர், எடை, நிறம், வந்த தேதி என்று ஐந்து கட்டம். வந்த முதல் வாரமே அக்கா அதையும் தட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நான்காம் எண்ணில் 'ஹேமடைட், சிவப்பு' என்று இருந்தது. தட்டில் இருந்ததோ எருமைத் தோல் கறுப்பில் ஒரு கட்டி. சிவப்புக் கல்லைக் காணவில்லை என்று அழாத குறையாக ஒரு மனு எழுதி என்னிடம் கொண்டுவந்தார். நான் முத்திரை குத்துவதற்குள் நிலவியலாளர் வந்துவிட்டார். எப்போதும் சேறு அப்பிய ஷூவும் கழுத்தில் விசில் மாதிரித் தொங்கும் பூதக்கண்ணாடியுமாக இருப்பார். ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டைத் திருப்பி, சொரசொரப்பான பின்பக்கத்தில் அந்தக் கறுப்புக் கல்லை ஒரு இழுப்பு இழுத்தார். ரத்தச் சிவப்பில் கோடு விழுந்தது.

"மேல கறுப்பு, பொடி சிவப்பு. எழுதினவரு பொடியைப் பாத்து எழுதிருக்காரு, அவ்வளவுதாம்மா."

அன்றிலிருந்து அக்காவின் கைப்பையில் ஒரு உடைந்த பீங்கான் ஓடு இருந்தது. எதைக் கண்டாலும் இழுத்துப் பார்ப்பார். வாசல் கம்பியில் உதிர்ந்த துரு, பூந்தொட்டி, ஒருமுறை என் செருப்பு.

அக்காவின் வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. முன்னால் அவர் கணவரின் தையல் கடை, பின்னால் இரண்டு அறை. வீட்டுக்காரர் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே பேசிப் பழகியதால் அவர் சொல்வது பாதி புரியாது. நாத்தனார் கூடவே இருந்தார், கடைக்குப் பொத்தான் துளை போட. அந்த அம்மாவுக்கு அண்ணி செய்யும் வேலை மேல் ஒரு இளக்காரம். "கல்லு எங்கேயும் ஓடிப்போகாது. அதைப் போய் காவல் காக்கறதுக்கு ஒரு ஆளா?" என்பார். உண்மையிலேயே பத்தொன்பது வருஷம் ஒரு கல்லும் ஓடவில்லை.

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது சரிபார்ப்பு அதிகாரி வந்தார்.

அவர் அதுவரை அரசாங்க மேசை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தவர். கற்களை எண்ண அனுப்பியது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. தயாராக வரவேண்டும் என்று பெயிண்ட் கடையிலிருந்து நிற அட்டை ஒன்று வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு கல்லையும் அட்டையில் வைத்துப் பார்த்து, "மாலை வெயில்... சரி. முதிர்ந்த தேன்... சரி" என்று டிக் போட்டுக்கொண்டே போனார். நான்காம் எண்ணில் அக்கா பீங்கான் ஓட்டை எடுத்து இழுத்துக் காட்டி அவரை அசத்திவிட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு. விவியனைட். நிறமற்றது, கண்ணாடி போன்றது. இருநூத்திப் பன்னெண்டு கிராம். எடுங்கம்மா."

அக்கா எடுத்து வைத்தார். அது பேனா மை நீலத்தில் இருந்தது.

"இது வேற. நான் கேட்டது நிறமில்லாதது."

"இதுதான் சார் அது."

"கண்ணாடி போட்டா எனக்கு நல்லாவே கண்ணு தெரியும்மா."

"முன்னாடி நிறம் இல்லாமத்தான் சார் இருந்துச்சு. போகப் போக இப்படி ஆயிடுச்சு."

"யாரு ஆக்குனது?"

"யாரும் ஆக்கல. தானா ஆச்சு."

"அரசாங்கப் பொருள் எதுவும் தானா ஆகாதும்மா."

அக்கா தராசை இழுத்துக் கல்லை வைத்தார். முள் இருநூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. "எடை சரியா இருக்கு பாருங்க."

அதிகாரி முள்ளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. மாத்தி வச்சவங்க எடை பாத்து வச்சிருக்காங்க."

அன்று சாயங்காலம் அறிக்கை வந்தது. நிறமற்ற கல், குறைவு ஒன்று. நீலக் கல், உபரி ஒன்று.

ஒரு கல் இரண்டு குற்றமாகிவிட்டது. மறுநாள் இரண்டு குறிப்பாணைகள் என் மேசைக்கு வந்தன. நான் அவற்றுக்கு எண் போட்டு, கவரில் இட்டு, ஒட்டி, தடுப்பைச் சுற்றிப் போய் அக்காவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். முதலாவது: நிறமற்ற கல் எங்கே போனது? இரண்டாவது: நீலக் கல் எங்கிருந்து வந்தது? தனித்தனித் தாளில் பதில் வேண்டும் என்று கோடு போட்டிருந்தார்கள். அக்கா முதல் தாளில் 'எங்கும் போகவில்லை' என்றும் இரண்டாம் தாளில் 'எங்கிருந்தும் வரவில்லை' என்றும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் 'விளக்கம் போதாது' என்று திரும்பி வந்தன.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர்.

"கல்லம்மா, உண்மையைச் சொல்லிடுங்க. அந்த வெள்ளைக் கல்லு வீட்ல எங்கயாவது இருக்கா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு குண்டூசி வீட்டுக்குப் போனதில்லை. வீட்டில்தான் வண்டி வண்டியாகக் குண்டூசி இருந்ததே. "என் வீட்ல இருக்கற கல்லெல்லாம் அரிசில வந்ததுதான் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் முத்திரைத் துணியை எடுத்துக் கொடுத்தேன். மூக்கெல்லாம் ஊதா ஆகிவிட்டது.

நிலவியலாளர் இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். இந்தக் கல்லுக்குள் இருக்கும் இரும்பு புதிதாகத் தோண்டும்போது ஒரு நிலையில் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அதில் கொஞ்சம் வேறு நிலைக்கு மாறும். இரண்டும் கலந்து நிற்கும்போது நீலம் வரும். நாள் ஆக ஆகக் கறுக்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற சங்கதி, யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை.

அதிகாரி அதை மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு மூன்றாவது குறிப்பாணை அனுப்பினார். 'அறைக்குள் வெளிச்சத்தை அனுமதித்தது யார்?'

மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். பீரோக் கதவில் கண்ணாடி. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து காற்றாட விடவேண்டும் என்று கிடங்கு விதியே இருந்தது. அக்கா அந்த விதியை நகல் எடுத்து இணைத்தார். காற்றுக்குத்தான் விதி இருக்கிறது, வெளிச்சத்துக்கு இல்லையே என்று பதில் வந்தது.

வீட்டில் அன்று பெரிய ஆலோசனை. ஞாயிற்றுக்கிழமை, நானும் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன்.

"துணின்னா வெயில்ல வெளுக்கும்," என்றார் வீட்டுக்காரர், குண்டூசிகளுக்கு நடுவே. "இது வெயில்ல சாயம் ஏறுது. இப்படி ஒரு துணி கிடைச்சா நான் எங்கயோ போயிடுவேன்."

"இரும்புக் கறைதானே?" என்றார் நாத்தனார். "எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு உப்பு போட்டுத் தேய்ங்க அண்ணி. போகாத கறை இல்ல."

"அது கறை இல்ல. அந்தக் கல்லே அதுதான்."

"கல்லே கறையா இருந்தா அதை எதுக்கு இத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

வீட்டுக்காரர் எழுந்து, கறுப்புத் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, சுருக்குக் கயிறு போட்டு ஒரு பை தைத்துக் கொடுத்தார். இருட்டில் வைத்தால் நிறம் இறங்கினாலும் இறங்கும் என்று ஒரு நப்பாசை. மூன்று மாதம் கல் பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்த மாதிரி இருந்தது.

கடைசியில் நிலவியலாளருக்கே ரோஷம் வந்துவிட்டது. "நேர்ல காட்டறேன்" என்று கிளம்பிப் போய், ஒரு ஓடைக்கரையில் சாம்பல் நிறக் களிமண்ணை வெட்டி, அதற்குள் இருந்த அதே ஜாதிக் கனிமத்தைப் பெயர்த்து, வெளிச்சம் படாமல் மண்ணோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைத்து எடுத்துவந்தார். காலை பதினொரு மணிக்கு இயக்குநர் மேசையில் டப்பா. சுற்றி இயக்குநர், அதிகாரி, நிலவியலாளர், அக்கா. குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

நிலவியலாளர் மண்ணைப் பிளந்தார். உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு.

"எல்லாரும் பாத்துக்கங்க. என்ன நிறம்?"

"வெள்ளை," என்றார் அதிகாரி உடனே. "எழுதுங்கம்மா."

"சுத்த வெள்ளைன்னு சொல்ல முடியாதே," என்று இயக்குநர் குனிந்தார். "கொஞ்சம் பால் வெள்ளை."

"பால்ல எந்தப் பால் சார்? அட்டைல பார்த்துச் சொல்லிடறேன்." அதிகாரி பையைத் திறந்து நிற அட்டையைத் தேடினார். அட்டை அடியில் போயிருந்தது. சாப்பாட்டு டப்பா, குடை, துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் வைத்தார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. தேநீர் வந்தால் எங்கள் அலுவலகத்தில் எதுவும் நடக்காது. குடித்து முடித்து அட்டையைப் பக்கத்தில் வைத்தபோது திட்டு இளம் பச்சை கலந்த சாம்பலில் இருந்தது.

"பால் வெள்ளைன்னா சொன்னேன்?" என்றார் இயக்குநர்.

"நான் வெள்ளைன்னு எழுதிட்டேன் சார்," என்றேன்.

"அடிச்சிட்டு 'வெளிர் பச்சை'ன்னு போடுங்க."

"அடித்தல் திருத்தல் இருந்தா மூணு பேரும் சுருக்கொப்பம் போடணும்," என்றார் அதிகாரி. நான் புதுத் தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். என் கையெழுத்து நிதானமான கையெழுத்து. இயக்குநர் கையெழுத்துப் போட்டபோது 'வெளிர் பச்சை' ஓரளவுக்குப் பொருந்தியது. தாள் அதிகாரியிடம் போனபோது ஓரமெல்லாம் நீலம் பூத்திருந்தது. அவர் பேனாவைத் தூக்கியபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். இதுவரை அவர் முன்னால் எந்த நாற்காலியும் அப்படிச் செய்ததில்லை.

"இதை நான் எந்த நிறம்னு நம்பிக் கையெழுத்துப் போடறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா அன்று பேசிய ஒரே வார்த்தை: "பத்தொம்பது வருஷம் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நேரத்தையும் குறித்தார், பன்னிரண்டு மணி ஏழு நிமிஷம். கல் குறையவில்லை என்று ஒப்புக்கொண்டு 'குறைவு ஒன்று' என்பதை நீக்கினார். அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆனால் இயக்குநர் பயந்துபோய்விட்டார். மற்ற நாற்பத்திரண்டும் இதே மாதிரி கிளம்பிவிட்டால்? ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னார். வீட்டுக்காரர் கறுப்புத் திரை தைத்து மாட்டினார். பல்பைக் கழற்றினார்கள். அக்கா தட்டுத் தடவி நடக்கப் பழகிக்கொண்டார். கனிமங்களைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தபோது, வரிசையாக உள்ளே விட்டு, இரண்டு நிமிஷம் நிறுத்தி, வரிசையாக வெளியே அனுப்பினார். "வலது கைப்பக்கம் மஞ்சள் காவி இருக்கு, இடது கைப்பக்கம் செங்காவி," என்று இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். இன்னொரு தடவை போகவேண்டும் என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலம் போயிற்று. காற்றே புகாத அறையில் நசநசவென்று ஈரம். ஒருநாள் உள்ளேயிருந்து புளித்த வாடை வந்தது. விளக்கு எடுத்துப் போய்ப் பார்த்தால், தங்கம் போல மின்னிக்கொண்டிருந்த பைரைட் வெடித்து, பொடிந்து, சாம்பலும் வெளிர்மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த அமிலம் பெயர்ச்சீட்டைத் தின்று, கீழே இருந்த மரத்தட்டிலும் ஓட்டை போட்டிருந்தது. வெளிச்சம் ஆகாத கல்லைக் காப்பாற்றப் போய் ஈரம் ஆகாத கல் போய்விட்டது.

அதிகாரிக்குச் சொல்லியனுப்பினார்கள். வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைப் பார்த்தார். பெயிண்ட் அட்டையை வெளியே எடுக்கவேயில்லை.

"ஆணியைப் பிடுங்குங்க," என்றார். "ஜன்னலைத் திறங்க. அந்த நீலத்தை மட்டும் டப்பால போடுங்க." பிறகு பதிவேட்டை வாங்கி, நிறம் என்ற கட்டத்தின் தலைப்பில் தன் கையாலேயே 'கடைசியாகப் பார்த்தபோது' என்று சேர்த்து எழுதினார். அக்கா ஒரு பென்சிலைச் சீவிக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டம் மட்டும் எங்கள் அலுவலகத்தில் பென்சிலில் எழுதப்பட்டது.

அக்கா ஓய்வு பெற்றார். பொறுப்பை வாங்கிக்கொண்டது நான். ஆனால் அவருடைய ஓய்வூதியக் கோப்பு மட்டும் நகரவில்லை. 'குறைவு ஒன்று' நீக்கப்பட்டுவிட்டது. 'உபரி ஒன்று' அப்படியே நின்றது. குறைந்ததை நீக்க விதி இருந்தது. கூடினதை நீக்க விதி இல்லை. பதிவேட்டின்படி முப்பத்தோராம் கல் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதோடு யாருடையது என்று தெரியாத ஒரு நீலக் கல்லும் இருந்தது. இரண்டும் ஒரே கல்தான் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். கோப்புக்குத் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து அதிகாரியே ஒரு வழி சொன்னார். யாருடையது என்று தெரியாத பொருளை அறிவிப்புப் பலகையில் போடலாம். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் ஒப்படைத்துவிட்டுக் கோப்பை மூடலாம். "யாராவது வந்து என்னுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். முன்னாள் ஊழியர் வரக்கூடாது. அவருடைய கணவரும் கூடாது. நாத்தனாரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

நாத்தனார் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி படிவத்தைப் படித்தார்.

"உங்க கல்லு என்ன நிறம்மா?"

"நீங்க எப்ப பாத்தீங்க?" என்றார் நாத்தனார்.

அதிகாரி பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். பிறகு 'அடையாளம் சரியாகக் கூறினார்' என்று எழுதி முத்திரை குத்தச் சொன்னார். நான் குத்தினேன்.

அப்படி அந்தக் கல் வீட்டுக்குப் போயிற்று. முப்பத்தோராம் எண் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு நேராக, கடைசியாகப் பார்த்தபோது என்ற இடத்தில், நான் ஒவ்வொரு வருஷமும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுகிறேன். யாரும் கேட்பதில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். கல், சமையலறை ஜன்னல் விளிம்பில், சுள்ளென்ற வெயிலில் உட்கார்ந்திருந்தது. கிட்டத்தட்டக் கறுப்பு. அரசாங்கக் கல்லாக இருந்தவரை பீரோவிலும் டப்பாவிலும் கிடந்தது, இப்போது ஒரு டம்ளருக்கும் சீப்புக்கும் நடுவே. "இப்படி வெயில்ல வச்சிருக்கீங்களே அக்கா, கெட்டுப்போகாதா?" என்று கேட்டேன்.

"அவளைக் கேளு," என்று நாத்தனார் பக்கம் கையைக் காட்டினார். "அவளோட கல்லு. நான் தொட்டா சண்டைக்கு வர்றா."

நாத்தனார் பொத்தான் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கறுக்கட்டும், கறுக்கட்டும்," என்றார். "இன்னும் எவ்வளவு தூரம்தான் போகுதுன்னு பாக்கறேன்."